மிருதங்கக்காரரின் செவி

 

பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933இல் நம் புனே நகருக்கு வந்தது. அது இயங்கிய இடத்தில் 1960இல் திரைப்படக் கல்லூரி எழுந்தது. அன்று பெருங்கூடம் வேண்டிய ஒலிப்பதிவை இன்று நம் பிள்ளைகள் வீட்டு அறையிலேயே கணிப்பொறி கொண்டு செய்கின்றனர். பாட்டை முதலில் பதிந்து, அதைக் கேட்டவாறே மிருதங்கம் வாசிக்கின்றனர்.

வாசிப்பவர் அணியும் ஹெட்போன் செவியை முழுதும் மூடுவதாக இருத்தல் வேண்டும். இன்றேல், கசியும் பாட்டு மிருதங்கத்தின் மைக்கில் புகுந்துவிடும். தம் வாசிப்பைக் கணிப்பொறி வழியே திரும்பக் கேட்டால் காலம் தாழும். நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் பதிவில் 1,024 மாதிரிகள் தேங்கினாலே ஏறக்குறைய 21 மில்லி நொடி பிந்தும். துரித காலத்தில் கை தடுமாறும். ஆதலின் மைக்கை இணைக்கும் பெட்டியிலிருந்தே நேராகக் கேட்பது நலம்.

தொப்பியின் முழக்கம் மூடிய செவிக்கும் எட்டும். எனவே ஹெட்போனில் மிருதங்கத்தைத் தாழ்த்திப் பாட்டை முன்னிறுத்துக. மொத்த ஒலியை ஏற்றிக்கொண்டே போதல் ஆகாது. நாளொன்றுக்கு 85 டெசிபல் எனில் 8 மணி நேரமே எல்லை. 3 டெசிபல் ஏறுந்தோறும் அது பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடமே! இளமையில் இழந்த செவி மீளாது.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கச்சேரிக்கு ஒலிபெருக்கியே வேண்டாம் என்றவர். நமக்கோ கருவியின்றி இயலாது. ஆயினும், பாடுவோரைக் கேட்டு வாசிப்பதே பக்கவாத்திய தர்மம். அதற்குத் துணை செய்யுமளவே கருவி ஒலிக்கட்டும். பிள்ளைகளின் செவியைப் பெற்றோர் காத்திடுக!

வாழ்க தமிழ்! வளர்க இசை!