நம் குறையை நாமே சொல்வோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கம்பனிகளில் மக்கள் தொடர்புக்கு என்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். பத்திரிகையில் என்ன வரவேண்டும், எந்தக் கணக்கை முன்னால் வைக்கவேண்டும் என்று பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை. நமக்கு அப்படி ஆள் இல்லை. தோட்டத்தில் அந்த வேலையும் தலைவர், தலைவியின் தலையில்தான் விழுகிறது. அதைச் சரியாகச் செய்வது எப்படி என்றுதான் இன்று பேசப்போகிறோம்.

இது நமக்குப் புதிய வேலை இல்லை. 1920களிலேயே கோ. நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தித் தோட்டத் தொழிலாளரின் துயரத்தை வெளியே கொண்டுவந்தார். அன்று வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை அதையே பாட்டாகப் பாடிச் சொன்னார். கேட்கிறவருக்கு எது விளங்குமோ அந்த விதத்தில் சொன்னார்கள். இது நமக்கு முதல் பாடம்.

இரண்டாவது பாடம் சம்பளக் கணக்கு. 2016 ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, நாட்சம்பளம் 730 ரூபா என்று செய்தி வந்தது. அதை உடைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. வரவு குறைந்தால் 60 இல்லை. சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் 140 இல்லை. கொழுந்து குறைந்த மாதத்தில் எத்தனை பேருக்கு முழு 730 கிடைத்திருக்கும்? ஆனால் வெளியில் இருப்பவர் காதில் விழுந்தது 730 மட்டும்தான்.

ஆகவே சம்பளத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள். அடிப்படை எவ்வளவு, நிபந்தனையோடு வருவது எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். சம்பளச் சிட்டைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். நாம் பத்து வார்த்தை பேசுவதைவிட அந்தச் சிட்டை தெளிவாகப் பேசும்.

மூன்றாவது பாடம், கோரிக்கை சுருக்கமாக இருக்கவேண்டும். 'அடிப்படைச் சம்பளம் 1000 ரூபா' என்று கேட்டோம். அதை விளக்க யாரும் தேவைப்படவில்லை. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டபோது, நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விளங்கியது. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவும் வர்த்தமானியில் வந்தன. நாம் கேட்டபடி ஆயிரமும் அடிப்படையாக வரவில்லை. அந்த வித்தியாசத்தையும் நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

இனி, தோட்டத்துப் பிரச்சினைக்கு வருவோம். "குடிக்கத் தண்ணீர் இல்லை, எவரும் கவனிப்பதில்லை, எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதினால் வாசிக்கிறவர் பாவம் என்பார், பிறகு மறந்துவிடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம்? எத்தனை குடும்பம்? எந்தத் திகதியிலிருந்து தண்ணீர் இல்லை? யாரிடம், எப்போது முறைப்பாடு செய்தோம், என்ன பதில் வந்தது? இப்போது என்ன செய்துதரக் கேட்கிறோம்? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் நிருபர் அப்படியே செய்தியாக்குவார். அதிகாரியும் "எனக்குத் தெரியாது" என்று தட்டிக்கழிக்க முடியாது.

நிருபர் வந்தால் முதலில் அவர் பெயரையும் எந்த ஊடகம் என்பதையும் கேளுங்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததை "விசாரித்துச் சொல்கிறோம்" என்று சொல்வதில் வெட்கமில்லை. நாற்பது குடும்பத்தை நானூறு என்று கூட்டிச் சொன்னால், மற்றப் பக்கம் அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு நம் உண்மைகளையும் தள்ளிவிடும். துரையையோ கணக்குப்பிள்ளையையோ தனிப்பட்ட முறையில் ஏசாதீர்கள். ஏச்சுத்தான் செய்தியாகும், குறை காணாமல் போகும்.

இன்று எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. உடைந்த கூரையை, ஒழுகும் சுவரைப் படமெடுங்கள். திகதியைக் குறித்துவைத்துக் கமிட்டியிடம் கொடுங்கள். ஆனால் குளவி கொட்டி விழுந்தவரை, மண்சரிவில் இறந்தவரைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடாதீர்கள். வீட்டாருக்குச் செய்தி போகுமுன் படம் போய்ச் சேர்ந்தால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்? பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் காட்டாதீர்கள். நம் வறுமையைக் காட்டிப் பரிதாபம் தேடுவது நம் வேலை இல்லை. நம் உரிமையைக் கேட்கிறோம், தலை நிமிர்ந்தே கேட்போம்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். ஆகவே எழுதிக்கொடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பிரதியொன்றில் கையொப்பமும் திகதியும் வாங்கிவையுங்கள். அரச நிறுவனத்திடமிருந்து விபரம் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுத்தால், தருவதா இல்லையா என்ற முடிவைப் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். நம் பிரிவுக்கு வீடு ஒதுக்கப்பட்டதா, பாதைக்குப் பணம் வந்ததா என்று ஊகித்துப் பேசுவதைவிட, கேட்டுப் பதிலை வாங்கிப் பேசுவோம்.

கடைசியாக ஒன்று. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஆனால் கமரா முன்னால் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். மலையில் நின்று நிறுவைக் கழிவைப் பார்ப்பவர் யாரோ அவரே அதைச் சொல்லட்டும். அவர் தனியாகச் சொல்லிவிட்டு நாளை பெரட்டில் தனியாக நிற்கக்கூடாது. கமிட்டி கூடி முடிவெடுத்து, சங்கத்தின் பெயரில் அவரைப் பேசவைக்க வேண்டும். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள் இப்போது நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை சிங்களச் சகோதரர்களுக்கும் போய்ச் சேரவேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டமும் ஒரு குறையை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் சொன்ன ஐந்து கேள்விக்கும் அதில் பதில் இருக்கட்டும். சேர்ந்து வாசித்துத் திருத்தி, உரிய இடத்துக்கு அனுப்புவோம்.