இரண்டு எழுத்து

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நூற்றாண்டு விழாவில் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் செயற்குழுவில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் ஒருகாலத்தில் சொல்வதெழுதலில் பத்துக்கு நாலு எடுத்தவர்கள்தான்.

இந்தத் தொல்லை தமிழிலும் உண்டு. கரியும் கறியும், மனமும் மணமும் எங்களைப் பாடாய்ப் படுத்தியவை. ஆனால் தமிழில் வாயைத் திருத்தினால் பெரும்பாலும் கையும் திருந்திவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. பாடசாலை அதிபரும் பிரின்சிப்பல், கொள்கையும் பிரின்சிப்பல். இங்கிலாந்துக்காரரும் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார். எழுதும்போதுதான் அதிபர் ஏ, எல் என்று முடிவார். கொள்கை எல், ஈ என்று முடியும்.

லீவுக் கடிதத்தில் நாங்கள் இதை மாற்றி எழுத, ஆங்கில ரீச்சர் வகுப்பின் முன்னே அதைத் தமிழில் வாசித்தார்: "மதிப்புக்குரிய கொள்கை அவர்களுக்கு, எனக்கு நேற்றுத் தலையிடி." பிறகு ஒரு குறிப்பும் தந்தார். அதிபருக்குரிய சொல்லின் கடைசி மூன்று எழுத்தையும் தனியே வாசித்தால் 'பல்' என்று வரும். அது ஆங்கிலத்தில் தோழர். "தமிழில் அது பல்தானே ரீச்சர், அதுதான் பொருத்தம்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குரியவர் இன்று முன்வரிசையில் பேரப்பிள்ளையுடன் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டோம்.

ஸ்ரேஷனரிக்கும் இப்படி ஒரு குறிப்பு இருந்தது. கடதாசி, பேனை என்றால் ஈ. என்வலப்பின் முதல் எழுத்து ஈ என்பதை நினைத்துக்கொள். அசையாமல் நிற்பது என்றால் ஏ. பரீட்சைக்கு அது போதும். ஆனால் கடதாசிக்கும் நிற்பதற்கும் ஏன் ஒரே சத்தம் என்று நாங்கள் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. பல வருடம் கழித்துத்தான் அறிந்தோம். இடைக்கால ஐரோப்பாவில் சில்லறை வியாபாரிகள் பலர் ஊர் ஊராய்த் திரிந்து விற்றபோது, பல்கலைக்கழகங்களை அண்டிப் புத்தகம் விற்றவர்கள் ஓரிடத்திலேயே கடை வைத்திருந்தார்கள். 'ஓரிடத்தில் நிற்பவர்' என்ற இலத்தீன் பெயர் அவர்களுக்கு வந்தது. பிறகு அவர்கள் விற்ற பொருளுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதை அறிந்த பிறகு எங்களுக்கு என்வலப் தேவைப்படவில்லை.

இனிச் சிரிக்க முடியாத ஒரு சோடி.

எங்களில் ஒருத்தி தொண்ணூறுகளில் நாட்டை விட்டுப் போனவள். போன இடத்தில் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். தகப்பன் பெயருக்கு எதிரே, அவர் உயிரோடு இல்லை என்பதை எழுத வேண்டும். சொல் தெரியும், டிசீஸ்ட் என்று எழுதினாள். படிவத்தைப் பார்த்த உத்தியோகத்தர் இரக்கத்தோடுதான் கேட்டாராம், "அப்பாவுக்கு என்ன வருத்தம்? இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்று.

இடம்பெயர்வில் தவறிய தகப்பன். செத்தவீட்டுக்கும் அவள் போகவில்லை, அந்தியேட்டிக்கும் போகவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும், அவர் எங்கேயோ ஒரு கட்டிலில் படுத்திருக்கிறார், யாரோ கஞ்சி கொடுக்கிறார்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டதாகச் சொன்னாள். பிறகு, "இல்லை, அவர் செத்துப்போனார்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. அதுவரை அந்த வசனத்தை அவள் எந்த மொழியிலும் சொன்னதில்லை.

நோயுற்றவர் என்பதற்கும் காலமானவர் என்பதற்கும் ஆங்கிலத்தில் எட்டு எட்டு எழுத்து. இரண்டாவதும் மூன்றாவதும் மாத்திரமே வேறு. ஐ, எஸ் வந்தால் நோய்; ஈ, சீ வந்தால் மரணம். ஆங்கிலேயர் நோய்க்குரிய சொல்லைச் சற்று அதிரச் சொல்வார்கள். எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு ரீச்சர் குறிப்பேதும் தரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இது தேவைப்படும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் பதில் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருந்திருக்கிறது. டிஸ் என்பது இல்லை, ஈஸ் என்பது சுகம். 'அவவுக்குச் சுகமில்லை' என்று நாங்கள் சொல்வது எழுத்துக்கு எழுத்து அந்தச் சொல்தான். மற்றதன் இலத்தீன் வேர் 'அகன்று போதல்'. மரண அறிவித்தலில் நாங்கள் போடுகிற 'காலஞ்சென்ற' என்பதிலும் ஒரு போதல் இருக்கிறதல்லவா? தமிழில் இவ்விரண்டையும் நாங்கள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

கணினி இருக்கிறதே என்று தங்கைமார் சொல்லக்கூடும். இருக்கிறது. ஆனால் இல்லாத சொல்லுக்குத்தான் அது தவறாமல் சிவப்புக் கோடு போடும். டிசீஸ்ட் இரண்டும் இருக்கிற சொற்கள். பிழையான இடத்தில் இருந்தாலும் பல வேளை பேசாமல் விட்டுவிடும். போதாததற்கு அமெரிக்கா போனவர்கள் பிராக்டிஸ் என்ற பெயருக்கும் வினைக்கும் ஒரே சீயை எழுதுகிறார்கள். நாங்கள் இங்கே வினைக்கு எஸ் போட்டுப் பிரம்படிக்குத் தப்பினோம். அது வேறு கதை.

இந்த மலரின் ஆங்கிலப் பகுதியில், எங்களை விட்டுப் பிரிந்த ஆசிரியைகள், மாணவிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்தின் அச்சுப்படியைத் திருத்தும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தலைப்பின் இரண்டாம் எழுத்திலும் மூன்றாம் எழுத்திலும் விரலை வைத்து, "ஈ, சீ" என்று மெல்லச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அச்சகத்துக்குக் கொடுத்தாள்.