திரை இருண்டால் கணினி செத்துவிட்டதா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டப்புறக் குடும்பங்களும் கணினியும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய மடிக்கணினியில் புதிய விண்டோஸ் ஏற்றிய பிறகு திரை திடீர் திடீரென்று இருண்டு போகிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இதற்கெல்லாம் ஒரு உரையா என்று சிரித்துவிடாதீர்கள். கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பல வீடுகளில் ஒரே ஒரு கணினிதான் இருக்கும். அதில் அக்காள் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிப்பாள், தம்பி பள்ளிப்பாடம் செய்வான், அப்பா மின்கட்டணம் பார்ப்பார். அது நின்றால் நாலு பேர் வேலை நிற்கும்.

அந்தக் கணினி எப்படி வந்தது? 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின, பாடம் திரைக்குப் போனது. அப்போது கையில் இருந்த காசுக்கு ஏதோ ஒன்று என்று அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய மடிக்கணினிகளை வாங்கியவர்கள் ஏராளம். நல்ல உறுதியான கணினிகள்தான். ஆனால் 2011, 2012, 2013 வாக்கில் செய்யப்பட்டவை. வாங்கும்போதே வயதானவை.

அதன் பிறகு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. உடனே எல்லார் வீட்டிலும் ஒரு மருமகப்பிள்ளை கிளம்பிவிட்டார். "மாமா, நான் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்." விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இண்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது 2017-க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பழைய கணினியில் இவை கிடையாது. ஆனாலும் அந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்க வழி இருக்கிறது. மருமகப்பிள்ளை குதித்துவிட்டார். விண்டோஸ் 11 ஏறிவிட்டது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் யூடியூப் பார்க்கும்போது திரை கறுத்து, மீண்டும் வந்தது. அடுத்த வாரம் நீலத்திரை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சில நூறு வெள்ளி கேட்கிறார்கள். அல்லது புதியது வாங்கச் சொல்கிறார்கள்.

நேயர்களே, அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். புதிய விண்டோஸ் ஏற்றிய பிறகுதான் இந்தக் கோளாறு தொடங்கியது என்றால், போர்டைக் குறை சொல்வதற்கு முன் டிரைவரைப் பார்க்க வேண்டும்.

டிரைவர் என்றால் லோரி ஓட்டுபவர் அல்ல. தமிழில் இயக்கி என்கிறோம். தோட்டத்து ஆள்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவது வழக்கம். துரைக்கு நம் பாஷை தெரியாது, வேலையாளுக்குத் துரை பாஷை தெரியாது. நடுவில் கங்காணி நின்று இங்கே கேட்டதை அங்கே சொல்வார். விண்டோஸ்தான் துரை. திரையில் படம் வரையும் வரைகலைச் சில்லுதான் வேலையாள். டிரைவர் என்பது கங்காணி. துரை மாறிவிட்டார், புதுத் துரை புது முறையில் கட்டளை போடுகிறார். கங்காணியோ பழைய ஆள். வேலையாள் திடகாத்திரமாக இருக்கிறான், ஆனால் வேலை நடக்கவில்லை.

அந்தத் திரை இருண்டு மீள்கிறதே, அதற்கும் காரணம் உண்டு. 2007-ல் வந்த விஸ்டா காலத்திலிருந்தே விண்டோசில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரைகலைச் சில்லுக்குக் கட்டளை போனால் இரண்டு விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் டிரைவரைத் தள்ளிவிட்டு மறுபடியும் புதிதாகத் தொடங்கும். அந்த நேரம்தான் திரை கறுக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தாலோ, மீட்க முடியாமல் போனாலோ நீலத்திரை. அதில் 'வீடியோ டிடிஆர்' என்று தொடங்கும் வாசகம் இருந்தால் இந்தக் கதைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு கோப்பின் பெயரும் வரலாம். 'ஐஜிடி' என்று தொடங்கினால் இண்டெல், 'என்வி' என்றால் என்விடியா, 'ஏடிஐ' அல்லது 'ஏஎம்டி' என்றால் ஏஎம்டி. கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இது நம் ஊர்ப் பழைய கணினிகளுக்கு மட்டும் வந்த சோதனை என்று எண்ண வேண்டாம். விஸ்டா வெளிவந்த ஆண்டில் உலகம் முழுவதும் இதே கூச்சல்தான். 2008-ல் அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றில் மைக்ரோசாப்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007-ல் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறக்குறைய 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் வந்தவை. மைக்ரோசாப்டின் சொந்த மென்பொருளால் வந்தவை 17.9 விழுக்காடுதான். பணம் கொழுத்த நிறுவனங்களே தடுமாறிய இடம் இது.

பழைய கணினியில் கூடுதல் சிக்கல் என்னவென்றால், புதுக் கங்காணியை யாரும் அனுப்பப் போவதில்லை. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை இண்டெல் செயலியில் உள்ள எச்டி 3000 வரைகலைக்கு விண்டோஸ் 10-க்கென்றே டிரைவர் எழுதப்படவில்லை. விண்டோஸ் 11-ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முந்தைய விண்டோசுக்கு எழுதிய டிரைவரை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரை உள்ளவற்றைக்கூட இண்டெல் 2022-லேயே பழைய பட்டியலுக்குத் தள்ளிவிட்டது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். பிள்ளையின் பாடக்கோப்பு, குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு விரலியில் நகல் எடுத்த பிறகுதான் மற்றது. திரை கறுத்தபடியே நின்றுவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டுங்கள். டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், பல நேரம் படம் திரும்பி வரும். நகல் எடுக்க அந்த நேரம் போதும்.

உலாவியில் காணொளி பார்க்கும்போது மட்டும்தான் இருள்கிறதா? அப்படியானால் குரோம் அமைப்புகளில் 'சிஸ்டம்' என்ற பகுதிக்குப் போய், 'கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' என்பதை அணைத்துவிடுங்கள். படம் வரையும் வேலையைச் செயலியே செய்யும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். இதோடு தீர்ந்துபோன வீடுகளும் உண்டு.

தீரவில்லை என்றால் பாதுகாப்பு முறையில், 'சேஃப் மோட்' என்கிறார்களே, அதில் தொடங்க வேண்டும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான பட்டியல் வரும். அங்கே விண்டோஸ் தன்னுடைய எளிய டிரைவரை வைத்துத்தான் படம் காட்டும். பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற இடத்தைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். மங்கிப்போய்க் கிடந்தால், டிரைவரையும் சேர்த்து நீக்கும் கட்டத்தில் குறியிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நீக்கிய கையோடு இணையத்தை இணைத்தால், விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, கணினி செய்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணினியின் சரியான மாடல் எண்ணுக்கு உரிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்து அதை ஏற்றுங்கள். சில்லு செய்தவர் தருவதைவிட, பழைய மடிக்கணினிக்குக் கணினி செய்தவர் தருவதே பெரும்பாலும் பொருந்தும். தோட்டத்தில் இணையம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்தில் உள்ள நாடி மையத்துக்கு விரலியோடு போய் இறக்கிக்கொண்டு வாருங்கள். முன்பு இணைய மையம், பெடி என்றெல்லாம் சொன்னோமே, அதேதான்.

சில மடிக்கணினிகளில் வரைகலைச் சில்லு இரண்டு இருக்கும். ஒன்று இண்டெல், இன்னொன்று விளையாட்டுக்காக வைத்த என்விடியா அல்லது ஏஎம்டி. தகராறு செய்வது இரண்டாவது என்றால் டிவைஸ் மேனேஜரிலேயே அதை 'டிஸேபிள்' செய்துவிடுங்கள். எஸ்பிஎம் படிக்க இண்டெல் தாராளமாகப் போதும். பையன் முறைப்பான், முறைக்கட்டும்.

இனி, போர்டு உண்மையிலேயே கெட்டிருக்கவும் கூடும், மறுக்கவில்லை. 2008-ல் என்விடியாவே தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் பொருள் குறை இருப்பதாக ஒப்புக்கொண்டு 15 கோடி முதல் 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்கியது. அந்தக் காலத்துக் கணினி என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். கணினியைப் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன் தோன்றும் நிறுவனச் சின்னத்திலேயே கோடுகள் விழுந்தால் அது டிரைவர் வேலை அல்ல. திரை, கம்பி அல்லது சில்லு. வேறொரு திரையில் இணைத்துப் பார்த்தால் எது என்று ஓரளவு பிடிபடும். புதிய விண்டோசுக்கு முன்பே சூடேறி அணைந்துகொண்டிருந்தது என்றால் விசிறியைத் திறந்து பாருங்கள். செம்மண் சாலை ஓரத்து வீட்டில் விசிறிக்குள் எவ்வளவு புழுதி அடைந்திருக்கும் என்பதைக் கண்டால்தான் நம்புவீர்கள்.

பாதுகாப்பு முறையில் நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்துச் சில்லு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே சில்லுக்கு வேலையே கிடையாதே! நான் நம்பும் சோதனை வேறு. லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தை விரலியில் ஏற்றி, கணினியில் பதிக்காமல் விரலியிலிருந்தே ஓட்டலாம். பழைய இண்டெல் சில்லுகளுக்கான டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் காணொளி ஓட விடுங்கள். ஒரு தடவைகூட இருளவில்லை என்றால் வேலையாள் நலமாக இருக்கிறான், பழி கங்காணி மேல்தான். போர்டு மாற்றச் சொன்னவரிடம் இதை ஓட்டிக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

சரியான டிரைவர் கிடைக்கவே இல்லை என்றால்? பழைய விண்டோசுக்கே திரும்பிப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அந்தத் தேதிக்குப் பிறகும் அதிலேயே வங்கிக் கணக்குப் பார்ப்பது ஆபத்து. ஆகவே 2013-க்கு முந்திய கணினிக்கு என் ஓட்டு லினக்ஸ் மிண்டுக்குத்தான். கல்வி அமைச்சின் டெலிமா உலாவியில் திறக்கும், கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ் இருக்கிறது, தமிழ்99 விசைமுகமும் கிடைக்கும். கற்றுக்கொள்ள ஒரு வாரம் சிரமப்படுவார்கள். பெரியவர்கள்தான், பிள்ளைகள் அல்ல.

பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பழைய பெயரை மாற்றி 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று வைத்தார்கள். பெஸ்தாரி என்ற மலாய்ச் சொல்லுக்கு அறிவார்ந்த என்று பொருள். பெயர் வைத்த ஊரில் ஒரு டிரைவர் கோளாறுக்காகப் பிள்ளையின் கணினி அலமாரிக்கு மேலே ஏறிவிடக் கூடாது என்பதுதான் எனக்குள்ள கவலை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டால் இத்தனை நேரம் பேசியது வீண். பழைய விண்டோசின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால், கோப்பு எதுவும் போகாமல் பழையபடி மாற்ற, அமைப்புகளில் 'ரெக்கவரி' என்ற இடத்தில் 'கோ பேக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதன் ஆயுள் பத்தே நாள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று 'விண்டோஸ் ஓல்டு' கோப்புறையை அழித்துவிட்டால் அதற்கு முன்பே போய்விடும். இந்த வாரம் யார் வீட்டிலாவது மருமகப்பிள்ளை வந்து போயிருந்தால், இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள்.