மூச்சு மெஷின்: எந்த எண்ணைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

 

"அவர் நல்லா தூங்குறார், அதான் குறட்டை விடுறார்." இப்படிச் சொல்வது நம் வழக்கம். ஆனால் எல்லாக் குறட்டையும் நல்ல தூக்கம் இல்லை.

சிலருக்குத் தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்துவிடும். நாக்கு பின்னால் சரியும். காற்றுப் பாதை அடைபடும். பத்து நொடி, இருபது நொடி மூச்சே வராது. பிறகு திணறி விழிப்பார்கள். மறுபடி குறட்டை, மறுபடி அடைப்பு. ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைகூட இப்படி நடக்கலாம். இதற்குத் தூக்க மூச்சுத் தடை என்று பெயர்.

இதனால் என்ன கெடுதல்? இரத்த அழுத்தம் ஏறும். இதயம் களைக்கும். பகலில் கண் சொக்கும். வண்டி ஓட்டுகிறவர் ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும்? இந்திப் பாட்டுக்கு இசை அமைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தார். இந்த நோயே காரணம் என்று மருத்துவமனை டாக்டர் சொன்னார்.

இதற்கு ஒரு மெஷின் உண்டு. பெயர் சி-பாப். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். 1981-ல் அதை உலகத்துக்குச் சொன்னார். மெஷின் அறைக் காற்றை இழுக்கும். குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அந்தக் காற்று தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. வெறும் காற்றுதான்.

நம் கோல் மார்க்கெட் பக்கத்திலும் சில வீடுகளில் இந்த மெஷின் வந்துவிட்டது. ஆனால் பலர் பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஏன்? "மூக்கு காய்கிறது", "தண்ணீர் வருகிறது", "காற்று முட்டுகிறது" என்கிறார்கள். இவை தீர்க்கக் கூடிய தொல்லைகள்தான்.

மெஷினில் இரண்டு எண்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் எண் காற்றின் அழுத்தம். பெரும்பாலும் 4 முதல் 20 வரை இருக்கும். 10 என்றால் எவ்வளவு? ஓர் உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சு குழலைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் விட்டு ஊதுங்கள். குமிழி வர எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதுதான் 10. இந்த எண்ணை டாக்டர் சோதனை செய்து எழுதித் தருகிறார். இதை நாமாக மாற்றக் கூடாது. குறைத்தால் தொண்டை மறுபடி மூடும். கூட்டினால் வயிற்றில் காற்று நிறையலாம்.

இரண்டாம் எண் ஈரப்பதம். மெஷினோடு ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அது சூடாகிக் காற்றை ஈரமாக்கும். சில மெஷினில் 5 வரை, சிலவற்றில் 8 வரை எண் இருக்கும். இதை நாம் மாற்றலாம். ஒரு தடவைக்கு ஓர் எண் மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்று இரவு பாருங்கள். பிறகு அடுத்தது.

தில்லியில் ஒரே எண் வருடம் முழுதும் சரிப்படாது. மே மாதம் லூ காற்று அடிக்கும்போது மூக்கு காயும், சில சமயம் இரத்தமும் கசியும். ஏ.சி. அறையிலும் அப்படித்தான். அப்போது ஓர் எண் கூட்டுங்கள். மழைக் காலத்திலும், தண்ணீர்க் கூலர் ஓடும் அறையிலும் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது குறைக்கலாம்.

குளிர் காலத்தில் வேறு தொல்லை. சூடான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் போகும்போது தண்ணீராக மாறும். குழாய் களகள என்று சத்தம் போடும். மூக்கில் சொட்டும்.

நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவின் வீட்டுக்காரர் டிரைவர். போன ஜனவரியில் மூக்கில் தண்ணீர் வருகிறது என்று மெஷினை நிறுத்திவிட்டார். "அழுத்தத்தைக் குறைச்சிடுங்க" என்று ஒருவர் யோசனை சொன்னார். அக்கா டாக்டர் சீட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். சீட்டில் அழுத்தம் 9. மெஷினிலும் 9. ஈரப்பத எண் 6. அழுத்தத்தை அவர் தொடவில்லை. ஈரப்பதத்தை 5 ஆக்கினார். குழாயை ரஜாய்க்குள் விட்டார். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வைத்தார். மூன்றாம் நாள் தண்ணீர் நின்றது. அவர் மறுபடி தூங்குகிறார். வண்டியில் ஏறுபவர்களுக்கும் பயமில்லை.

ஒன்றை மறவாதீர்கள். குழாயைத்தான் மூடலாம். மெஷினை மூடக் கூடாது.

"காற்று முட்டுகிறது" என்றால் என்ன செய்வது? பல மெஷின்களில் காற்று மெல்ல மெல்ல ஏறும் வசதி உண்டு. கடைக்காரரிடம் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். "காற்று போதவில்லை" என்றால் முதலில் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, வாரைச் சரிசெய்யுங்கள். மிகவும் இறுக்கினாலும் கசியும். காலையில் வாய் மட்டும் காய்ந்தால், தூக்கத்தில் வாய் திறந்திருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாஸ்க்கில் சிறு துளைகள் இருக்கும். நாம் விடும் மூச்சு அதன் வழியாகத்தான் வெளியே போகும். கசிவு என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். அது ஆபத்து. கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

காற்று வடிகட்டியையும் பாருங்கள். தீபாவளி முதல் ஜனவரி வரை தில்லிப் புகையில் அது சீக்கிரம் கறுத்துவிடும். கறுத்தால் மாற்றுங்கள்.

தொட்டியில் மருந்துக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு தொட்டியிலும் படியும். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் காயவையுங்கள். இரவு புதிதாக ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை மாஸ்க், குழாய், தொட்டி மூன்றையும் இளஞ்சோப்பு நீரில் கழுவுங்கள். தண்ணீரோடு மெஷினைத் தூக்கிச் சாய்க்காதீர்கள். மோட்டாருக்குள் தண்ணீர் போகும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? மாஸ்க் போட்டும் குறட்டை வந்தால். பகல் தூக்கம் தீராவிட்டால். வயிறு உப்பினால். உடல் எடை மிகவும் கூடினால் அல்லது குறைந்தால். ராம் மனோகர் லோகியா மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். மத்திய அரசு வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரியில் கேளுங்கள். விதிப்படி அனுமதி வாங்கினால் மெஷின் விலையில் பணம் திரும்பக் கிடைக்கும்.

இப்போது நோட்டை எடுங்கள். வீட்டில் மெஷின் இருந்தால் இன்றிரவே இரண்டு வரி எழுதுங்கள். அழுத்தம் எவ்வளவு? ஈரப்பதம் எவ்வளவு? தேதியும் போடுங்கள். ஈரப்பதத்தை மாற்றும் நாளில் அதையும் எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டு போங்கள். "என்னமோ சரியில்லை" என்று சொல்வதைவிட, எழுதிய எண்ணைக் காட்டினால் டாக்டருக்கு உடனே புரியும்.