வாயிற்காவலனும் பேரேடும்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, செம்பூரில் நாம் குடியிருக்கும் கட்டடத்தில் மின்சாரம் நின்று ஒன்பது மணிக்குத் திரும்பிற்று. விளக்குகள் எரிந்தன, இணையம் வரவில்லை. மாடியில் வசிக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மகள் நள்ளிரவுக்குள் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். கைப்பேசிச் சமிக்ஞையும் அன்று நலிந்திருந்தது. கடவுச்சொல்தான் தவறென்று எண்ணி, அதையே பன்முறை இட்டுப் பார்த்தோம். இறுதியில் அப்பெண் டாக்சி பிடித்து மாதுங்காவிலுள்ள அத்தை வீட்டுக்குச் சென்று, பதினொன்றே முக்காலுக்கு அதனை அனுப்பினாள்.

தவறு வேறிடத்தில் இருந்தது. இணையம் வழங்குவோரிடம் வாயிற்காவலனை ஒத்த கணிப்பொறி ஒன்று உண்டு. அது பின்பற்றும் 'ரேடியஸ்' என்னும் முறை 1991-இல் அமெரிக்காவில் தோன்றியது. வருபவரை உள்ளே விடலாமா என்று பேரேட்டைப் பார்த்து அது விடை சொல்லும். அவர் வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் பதிந்துகொள்ளும். விடை சில நொடிகளில் வாராவிடில், அதே கேள்வி மீண்டும் அனுப்பப்படும். மின்சாரம் திரும்பியதும் எல்லா வீட்டுப் பெட்டிகளும் ஒருங்கே கதவைத் தட்டின. பேரேடு தாமதிக்கத் தாமதிக்க, ஒரு கேள்வி மூன்றாயிற்று.

நிறுவனத்தார் பெரிய இயந்திரம் வாங்க எண்ணினராம். அங்கே பணிபுரியும் தாராவித் தமிழிளைஞர் ஒருவர், அதற்கு முன், நெடுநேரம் பிடித்த கேள்விகளைத் தனியே குறித்துவைக்கும் ஏட்டைத் திறந்து பார்த்தார். 'இப்பெயருடையார் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா?' என்ற ஒரே கேள்வி ஏடெங்கும் நிறைந்திருந்தது. பெயர்களுக்கு அகரவரிசைச் சுட்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் பேரேட்டிலுள்ள ஒவ்வொரு பெயரையும் சிறிய ஆங்கில எழுத்துக்கு மாற்றிய பின்பே ஒப்பிடுமாறு யாரோ கேள்வியைத் திருத்தியிருந்தனர். அகராதியைக் கையில் கொடுத்து, ஈற்றெழுத்தைக் கொண்டு சொல் தேடச் சொன்னால் என்ன செய்வோம்? முதல் ஏட்டிலிருந்து புரட்டுவதன்றி வழியில்லை. மொழிபெயர்ப்பாளராகிய நாம் இத்துன்பத்தை நன்கறிவோம். பல்லாண்டு வரிகள் அனைத்தையும் பேரேடு ஒவ்வொரு முறையும் படித்தது.

இன்னொன்றும் கண்டார். மின்சாரம் நின்றபோது இடைநிலைப் பெட்டிகளும் அணைந்தமையால், பலர் வெளியேறிய செய்தி பதிவாகவில்லை. வீட்டிலிருந்தே கதவைத் தட்டியவரை, 'நீர் உள்ளேதான் இருக்கிறீர்' என்று காவலன் திருப்பியனுப்பினான்!

இளைஞர் பெயர்களைப் பதியும்போதே சிறிய எழுத்தாக்கி, கேள்வியை எளிதாக்கினார். பழைய ஆண்டுகளின் வரிகளை வேறொரு பேரேட்டுக்கு மாற்றினார். முடியாது நின்ற வரிகளை முடித்துவைத்தார். அடுத்த வாரமும் மின்சாரம் நின்றது. அது திரும்பிய ஒரு நிமிடத்தில் இணையமும் வந்தது.