நாலு சீட்டு எங்கே?

வத்திராயிருப்பு வட்டாரத்து உழவர்களே, கான்சாபுரத்து இளைஞர்களே!

2025 அக்டோபர் 11 அன்று தமிழ்நாடெங்கும் கிராமசபை கூடியது. காந்தி பிறந்த நாளில் கூட வேண்டிய சபை ஒன்பது நாள் தள்ளிக் கூடியது, அது போகட்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களோடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் காணொலியில் பேசினார். ஊருக்கு மிக அவசியமான மூன்று தேவைகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று அரசு கேட்டது.

மூன்று தேவைதானே? எழுதிக்கொள்ளட்டும். முதல் தேவை, தேர்தல். இரண்டாவது தேவை, அந்தத் தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு தலைவர். மூன்றாவது தேவை, அந்தத் தலைவரை எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு வார்டு மெம்பர். இந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் தெருவிளக்கு, குடிதண்ணீர், வாறுகால், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் ஊர் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்!

2025 ஜனவரி 5. அந்தத் தேதியை யாரும் மறக்க வேண்டாம். விருதுநகர் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஓட்டு வாங்கி வந்த அத்தனை பேருடைய காலமும் அன்றோடு முடிந்தது. பிள்ளை பிறக்கும் தேதியைக்கூட டாக்டர் முன்பின்னாகத்தான் சொல்வார். இந்தத் தேதி ஐந்து வருஷத்துக்கு முன்பே தெரியும்! அரசியலமைப்பின் 9-ஆம் பகுதி சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை: ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை, அந்த ஆயுள் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். நடத்தினார்களா? தனி அலுவலர் வந்தார். ஆறு மாதம் என்று சொல்லி வந்தார். ஆறு மாதம் கழிந்தது. அவர் இருக்கிறார், தேர்தலைத்தான் காணோம்.

2019 டிசம்பரில் இங்குள்ள ஒவ்வொரு தாயும் நாலு சீட்டுப் போட்டார். வார்டு மெம்பருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாகூட நிறம் பார்த்து, சின்னம் பார்த்து, குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அந்த நாலு சீட்டு எங்கே? அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

தனி அலுவலராக வந்த வட்டார வளர்ச்சி அலுவலர், நம் பிடிஓ, நல்லவராக இருக்கலாம். ராத்திரி பகலாக உழைப்பவராகவும் இருக்கலாம். இது அவரைத் திட்டும் கூட்டம் அல்ல. கணக்கைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள், 450 கிராம ஊராட்சிகள். சராசரி பார்த்தால் ஓர் அதிகாரியின் தலையில் சுமார் 40 ஊர். நாற்பது ஊருக்கும் அவரே தலைவர், அவரே மன்றம், எல்லா வார்டுக்கும் அவரே மெம்பர்! தெற்குத் தெருவில் பல்பு போனால் முன்பு பிரசிடெண்ட் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். அவர் ஒளிந்துகொண்டால் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம். இன்று ஒரு பல்புக்காக வேலையைப் போட்டுவிட்டு, பஸ் ஏறி, ஒன்றிய ஆபீஸ் வாசலில் காத்திருக்க வேண்டும். “ஐயா மீட்டிங் போயிருக்கிறார்” என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

“அதுதான் கிராமசபை நடக்கிறதே” என்பார் ஆளுங்கட்சிக்காரர். கிராமசபை எதற்கு? ஊராட்சியின் வரவு செலவை ஊர் கேட்பதற்கு. இப்போது செலவு செய்தவரும் தனி அலுவலர், கணக்கு வாசிப்பதும் அவர் பொறுப்பு, அந்தக் கணக்கைக் கேட்கும் கூட்டத்துக்குத் தலைமையும் அவர்! மேடைக்கு மேடை உத்திரமேரூர் பெருமை பேசுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தக் கல்வெட்டில் கணக்குக் காட்டாதவர் பொறுப்புக்கு நிற்கவே கூடாது என்று வெட்டியிருக்கிறது. பெருமை பேசுகிற வாய், அந்த வரியை மட்டும் தாண்டிப் போகிறது.

கான்சாபுரம் என்ற இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்சாகிபு பெயரைச் சுமக்கும் ஊர் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். மருதநாயகம் என்கிற யூசுப்கான் மதுரைச் சீமையை ஆண்ட சூரர். கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்று 1764 அக்டோபர் 15-இல் தூக்கில் தொங்கியவர். மரியாதைக்குரிய பெயர்தான். ஆனால் அவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்தது யார்? மதராஸிலிருந்த கும்பினி. இந்த மக்களை ஒரு வார்த்தை யார் கேட்டார்கள்? 260 வருஷம் கழித்தும் கான்சாபுரத்தை ஆள்வதற்கு ஆளைச் சென்னையிலிருந்துதான் நியமிக்க வேண்டுமா?

இன்னொரு கதை, இதுவும் உள்ளூர்க் கதைதான். ராஜபாளையத்துப் பூ.ச.குமாரசுவாமி ராஜா 1949-லிருந்து சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த உத்தமர். 1952-இல் நாடு முழுக்க முதல் பொதுத்தேர்தல். முதலமைச்சராக இருந்துகொண்டே நின்றார், தோற்றார். தோற்கடித்தது வெளியூர்க்காரர் இல்லை. இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமை மக்கள். சரியாகச் செய்தார்களா, தப்பாகச் செய்தார்களா என்பது வேறு பேச்சு. அந்த மனிதர் வார்டு எல்லை சரியில்லை, மழைக்காலம், அதிகாரி பார்த்துக்கொள்ளட்டும் என்று நாற்காலியைப் பிடித்துத் தொங்கவில்லை. இறங்கினார், ராஜாஜி வந்தார். மாகாண முதலமைச்சரையே ஓட்டால் இறக்கிய மண்ணில் இன்று ஒரு வார்டு மெம்பரை ஏற்றுவதற்கு ஓட்டு இல்லை! இதைக் கேட்டு ரத்தம் கொதிக்க வேண்டாமா?

அதிமுக நண்பர்கள் இதற்குக் கைதட்ட வேண்டாம்! கையைக் கீழே இறக்குங்கள். 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாக இல்லை என்ற வழக்கில் உயர்நீதிமன்றத்தில் ரத்தானது. குறையைச் சரிசெய்து நடத்த எத்தனை நாள் ஆகும்? மூன்று வருஷத்துக்கு மேல் ஆக்கினீர்கள்! அப்போதும் இதே தனி அலுவலர், இதே வாறுகால், இதே கொசு. உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் 2019 டிசம்பர் 27-உம் 30-உம் வந்தன. அந்தக் காலத்தில் திமுக என்ன செய்தது? 2019 ஜனவரியில் ஊர் ஊராக ‘ஊராட்சி சபை’ கூட்டியது. தேர்தல் நடத்தப் பயந்த ஆட்சி என்று வாய் வலிக்கப் பேசியது. அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதே வார்த்தைகளை இன்று கோட்டையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னால் ஏன் கோபம் வருகிறது? 1970-க்குப் பிறகு 1986, அதற்கப்புறம் 1996 என்று இந்த மாநிலத்தில் ஊராட்சித் தேர்தல் ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்றாக நடந்தது. அந்த நோய்க்கு மருந்தாகத்தான் அரசியலமைப்பையே திருத்தினார்கள். மருந்தைப் புட்டியோடு பூட்டிவைத்துவிட்டார்கள் இரண்டு கட்சிக்காரர்களும்.

கொட்டக்கச்சியேந்தல் எங்கே இருக்கிறது? இதே விருதுநகர் மாவட்டத்தில். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மதுரை மாவட்டத்தில். பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவியை ஒதுக்கினார்கள் என்பதற்காக 1996-லிருந்து பத்து வருஷம் அந்த நாலு ஊரிலும் ஊராட்சியை இயங்கவிடாமல் முடக்கினார்கள். இதே காரணத்துக்காக மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலிக்கு உயிரைக் கொடுத்திருக்கிறார்கள், தோழர்களே! 2006-இல் அரசு மனசு வைத்தது, நாலு ஊரிலும் தேர்தலை நடத்திக் காட்டியது, அந்த நாலு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்துச் ‘சமத்துவப் பெருவிழா’ எடுத்தார் கலைஞர். 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டி கிராமசபையில் வந்து உட்கார்ந்தார் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின். இரண்டும் வரலாறு, இரண்டுக்கும் வணக்கம். ஆனால் நாலு ஊரில் தேர்தல் நடக்காததைத் தமிழ்நாட்டுக்கே தலைகுனிவு என்று பார்த்த அதே கட்சி, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் நடக்காததை ‘நிர்வாகக் காரணம்’ என்றதே, அது எப்படி? நவம்பர் 1-ஐ உள்ளாட்சி நாள் என்று அறிவித்ததும் திமுக அரசுதான். நாள் இருக்கிறது, உள்ளாட்சி எங்கே? நாலு சீட்டு எங்கே?

“பாதி இடம் பெண்களுக்கு, அவர்கள் பேருக்குத் தலைவர், ஆட்சி செய்வதெல்லாம் புருஷன்மார்” என்று டீக்கடையில் ஒருவர் நக்கலடிப்பார். அவர் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போய் விசாரித்துவிட்டு வரட்டும். 2019 தேர்தலில் அங்கே தலைவரானவர் வீரம்மாள் பாட்டி. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்ததும் அந்த வட்டாரமே எழுந்தது. கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தையே ரத்துசெய்தது. ஏல அறிவிப்பு இரண்டு மாதம் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நாற்காலியில் ஒரு தனி அலுவலர் உட்கார்ந்திருப்பார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓர் அரசாங்கத் திட்டத்தை எதிர்த்து ஊரைத் திரட்ட எந்த அதிகாரி வருவார்? இங்கே தலைக்குமேல் புலிகள் காப்பகம், பக்கத்தில் பிளவக்கல் அணை, கீழே கம்மாய்கள். நாளை இந்த மலையடிவாரத்துக்கு ஒரு திட்டம் வந்தால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஊர்ப் பெயரால் சொல்ல யார் இருக்கிறார்கள்?

பணத்தையும் சொல்ல வேண்டும். 15-ஆவது நிதிக்குழு முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்குத்தான் மானியம் என்று விதி போட்டது. தேர்தல் இல்லையென்றால் அந்தத் துட்டு தில்லியிலேயே நிற்கும். வீட்டுவரியும் தண்ணீர்வரியும் மட்டும் நிற்காமல் வசூலாகும்.

எல்லை மறுவரையறை நடக்கிறதாம், இடஒதுக்கீட்டுச் சுழற்சி இருக்கிறதாம். இருக்கட்டும்! ஐந்து வருஷம் அந்தக் கோப்புகள் எங்கே தூங்கின? சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டும் எல்லாக் கோப்பும் நேரத்தில் எழுந்து வருகிறதே! எந்த அரசாங்கமாவது சட்டமன்றத்துக்குத் தனி அலுவலரைப் போட்டதுண்டா? அரசின் முத்திரையில் நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோபுரத்தை அச்சடித்த தாளில்தான் அதன் அடிவாரத்து ஊர்களின் ஓட்டைப் பறித்த உத்தரவும் வந்தது.

அடுத்த கிராமசபை கூடும்போது முதல் ஆளாக எழுந்திருங்கள். ஊராட்சித் தேர்தல் தேதியை உடனே அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள். பொருள்பட்டியலில் இல்லை என்பார்கள். ஊர் சேர்க்கச் சொல்கிறது என்று சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தாய்மார்கள்தான் கூட்டத்தில் பாதிக்கு மேல். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லி, தேர்தல் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்புறம் போடுங்கள் கையெழுத்தை. நகல் ஒன்று கலெக்டருக்கு, நகல் ஒன்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு, பதிவுத் தபாலில். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கோர்ட்டுக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.