ஓடுமா, ஓடாதா? அதை முதலில் பாருங்க!

(பகுதிக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம கூட்டமைப்பு ஆபீஸ் சுவரில் பச்சை பெயிண்ட் அடித்த சைக்கிள் ஃபிரேம் ஒன்று தொங்கியதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதில் மணி பிளான்ட் தொட்டி, சாவி மாட்டும் கொக்கி எல்லாம் வைத்திருந்தோம். "மேடம், நாங்களும் இதைத் தொழிலா செய்யலாமா? எவ்வளவு லாபம் நிக்கும்?" என்று நிறைய பேர் கேட்டீங்க. இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். செய்த தப்பையும் சொல்கிறேன்.

சைக்கிள் நமக்குப் புதுசு இல்லை

சைக்கிளுக்கும் நம்ம ஊருக்கும் பழைய உறவு உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949இல் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று நம்ம அப்பா, தாத்தா ஓட்டிய வண்டிகள் எல்லாம் அம்பத்தூரில் செய்தவை. குழாய் செய்கிற டியூப் புராடக்ட்ஸ் கம்பெனி 1950களில் ஆவடியில் வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேர் வீட்டில் யாராவது ஒருத்தர் இந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்திருப்பார்.

அப்புறம் வந்ததுதான் எம்.டி.பி. எனும் மலை சைக்கிள். தடி டயர், நேரான ஹேண்டில்பார். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் ஏறுவதற்கு மலை ஏது? ஆனாலும் பையன்கள் அடம் பிடித்து வாங்கினார்கள். பத்தாவது முடித்ததும் பைக் கேட்டார்கள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கிறது. கடைசியில் காயலான் கடையில் எடைக்குப் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. இந்த மலை சைக்கிளே பழைய சாமானிலிருந்து பிறந்ததுதான். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள், யாரும் சீண்டாத பழைய தடி டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பிரேக்கையும் கியரையும் மாற்றி மலைச் சரிவில் ஓட்டினார்கள். அப்படித்தான் இந்த வகை வந்தது.

நம்ம நாட்டிலேயும் ஆள் உண்டு. சண்டிகரில் நேக் சந்த் என்கிற சாலை ஆய்வாளர், 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல், ஓடு, பழைய சைக்கிள் பாகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சிலைகள் செய்தார். 1976இல் அது ராக் கார்டன் என்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பை என்று நாம் தள்ளுவதற்கும் விலை உண்டு என்பதற்கு அவர் சாட்சி.

முதல் ஃபிரேம்: செய்தது எப்படி?

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, காயலான் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு ஃபிரேம் வாங்கினோம். தராசில் நாலு கிலோ. ஹேண்டில் பக்கத்துக் குழாய் ஜாயின்ட்டில் கீறல் விட்டிருந்தது. அப்படிப்பட்ட ஃபிரேமில் ஏறி ஓட்டினால் ஆளைத் தள்ளிவிடும். சுவரில் மாட்ட அது போதும்.

பெடல், செயின், பி.பி. கப் எல்லாம் கழற்ற வேண்டும். இடது பெடலின் மறை தலைகீழாக இருக்கும். வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் நாங்கள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம்.

அடுத்து பழைய பெயிண்ட். இதைக் கவனமாகக் கேளுங்க. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2016இல்தான் அறிவிக்கப்பட்டது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சைக்கிள் பெயிண்ட் அந்தக் கணக்கில் வராது. ஈயத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது, கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அதனால் காய்ந்த நிலையில் சுரண்டாதீங்க. தண்ணீர் உப்புத்தாள் வாங்கி, நனைத்து நனைத்துத் தேயுங்க. வாயில் மாஸ்க், கையில் கிளவுஸ் கட்டாயம். சமையல் செய்கிற இடத்தில் வேண்டாம். தேய்த்த கசடைப் பழைய துணியில் துடைத்துக் கட்டிவிடுங்க. கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீங்க.

நன்றாகக் காய்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். மறுநாள் எனாமல் இரண்டு கோட், நடுவில் ஒரு நாள் இடைவெளி. குழாய் ஓட்டைகளில் மழை ஈரம் தங்கினால் கார்த்திகை மாசத்துக்குள் துருத் தண்ணீர் சுவரில் கோடு போடும். ஆகவே கவிழ்த்து வைத்து நீரை வடித்து, ஓட்டைகளை அடைத்துவிடுங்க.

சுவரில் வெறும் ஆணி அடித்தால் நாலு கிலோ இரும்பு ஒரு நாள் தலையில் விழும். இரண்டு இடத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் மாட்டுங்க. ஃபிரேமை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு போல்ட்டிலும் பத்து லிட்டர் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் தொங்கவிடுங்க. அது பத்து கிலோ. தாங்கினால் ஃபிரேமும் தாங்கும். தொட்டில், கட்டிலுக்கு மேலே மட்டும் மாட்டவே கூடாது. வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்டுவிட்டுத் துளை போடுங்க.

லாபக் கணக்கு

ஃபிரேம் 150, உப்புத்தாள் 40, பிரைமர் 90, எனாமல் 160, பிரஷ், தின்னர் 70, ஆங்கர் போல்ட் 40, ஆட்டோ 150. மொத்தம் 700 ரூபாய். ஆபீசுக்கு வந்த ஒருவர் 1,200 ரூபாய் கொடுத்து வாங்கிப் போனார். 500 ரூபாய் லாபம் என்று கைதட்டினோம்!

நம்ம கணக்காளர் அக்கா ஒருத்தங்கதான் கேட்டாங்க: "உங்க கூலி எங்கம்மா?" அப்போதுதான் உறைத்தது. மூன்று பேர், இரண்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரம். 24 மணி நேரம். 500 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு 21 ரூபாய்கூட வரவில்லை. மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலே கூலி 1,440. பொருளின் அடக்க விலை 2,140. நாம் 1,200க்கு விற்றிருக்கிறோம்.

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது திட்ட அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நானே பெண்களின் உழைப்பைக் கணக்கில் விட்டுவிட்டேன். வீட்டு வேலைக்குக் கூலி போடாத பழக்கம் கைத்தொழிலிலும் வந்துவிடுகிறது. அதனால் அடக்க விலை எழுதும்போது முதல் வரியிலேயே கூலியை எழுதுங்க. அந்த விலைக்கு ஆள் இல்லை என்றால், அந்தப் பொருளை நாலைந்தாக அடுக்கி வைக்காதீங்க. ஆர்டர் வந்தால் மட்டும் செய்யுங்க.

இரண்டாவது ஃபிரேம்

இரண்டாவதாக ஒரு சைக்கிள், நம்ம உறுப்பினர் ஒருத்தங்க வீட்டிலிருந்தே வந்தது. டயர் கிழிந்து, செயின் இறுகிக் கிடந்தது. நான் பிரைமர் டப்பாவைத் திறந்துவிட்டேன். அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு தங்கச்சி மெதுவா கேட்டாள்: "மேடம், இது ஓடுமா, ஓடாதா?"

அவள் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போகிறவள். ஷேர் ஆட்டோவுக்குப் போக வர 30 ரூபாய். மாசம் 25 நாள் என்றால் 750. சைக்கிள் கடை அண்ணனைக் கூப்பிட்டோம். ஜாயின்ட் எல்லாம் பார்த்தார். ஃபோர்க் வளையவில்லை. "ஃபிரேம் கல்லு மாதிரி இருக்கு, இதையா சுவத்துல மாட்டப் போறீங்க?" என்று கேட்டார். டயர், டியூப், செயின், பிரேக் ஷூ எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் ஆனது. குழுவில் உள்கடன் கொடுத்தோம். இரண்டு மாச ஆட்டோ காசில் கடன் தீர்ந்தது.

அன்று டப்பாவை மூடும்போது எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் கேலிப் பேச்சைத் தாண்டி ஓட்டினார்கள். அங்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத் ஒன்று குறிப்பிடுகிறார்: சில பெண்களுக்கு ஜென்ட்ஸ் சைக்கிள்தான் பிடித்தது, ஏனென்றால் நடுவில் உள்ள குழாயில் குழந்தையை உட்கார வைக்கலாம். நாம் பூந்தொட்டி மாட்டலாம் என்று பார்த்த அதே குழாய்!

முடிவாக மூன்று விஷயம்

ஒன்று, ஓடுகிற சைக்கிளை வெட்டாதீங்க, மாட்டாதீங்க. பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளும் பிளஸ் டூ முடிந்ததும் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. அதை அம்மா ஓட்டலாமே! கீறல் விட்டது, துரு ஓட்டை போட்டது மட்டும் சுவருக்கு வரட்டும்.

இரண்டு, காயலான் கடையில் வாங்கும்போது தேதி போட்ட சீட்டு கேட்டு வாங்குங்க. பெரும்பாலும் பெடல் பக்கம் அடியில் ஃபிரேம் நம்பர் இருக்கும், அதையும் குறித்து வையுங்க. திருட்டு வண்டி என்று நாளைக்கு யாரும் நம்மைக் கேட்கக் கூடாது.

மூன்று, கூலியை எழுதாத கணக்கு, கணக்கே இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் சொல்லுங்க: உங்க வீட்டில் நிற்கும் சைக்கிள் எத்தனை? அதில் ஓடக்கூடியது எத்தனை? ஓட்டத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்தத் தங்கச்சியே சொல்லித்தருகிறாளாம். முதல் பெயராக என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் ஓட்டத் தெரியாது!